இதயத்துக்குள் ஒரு வள்ளிக்கும்மி

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் அறிவியலிலும் கணக்கிலும் தேறாத ஒரு பெண்ணுக்கு டிசி கொடுத்து, தனித்தேர்வராக எழுதிக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று எங்கள் பள்ளியில் முடிவாகியிருந்தது. வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஃபிளக்ஸ் வைக்க வேண்டுமே! அப்படி டிசி வாங்கிப் போன பெண்கள் திரும்பவும் புத்தகத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

நான் அங்கே கணக்கு டீச்சர். புதிதாக வந்திருந்த அறிவியல் டீச்சர் என்னைவிட ரொம்பச் சின்னவள், வாய் மட்டும் பெரிது. நேராகப் பிரின்சிபால் அறைக்குள் போய்விட்டாள்.

"ஒரே ஒரு பாடம் எம்பட வழியில சொல்லித் தாரனுங்க சார். அப்பறமும் ஏறலைன்னா டிசி குடுத்துப்போடுங்க."

கொங்குப் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் வள்ளிக்கும்மி பழகுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மைதானத்தில் அந்தப் பெண் முன்வரிசையில் நின்று ஆடுவதை அறிவியல் டீச்சர் பார்த்திருக்கிறாள். பாட்டு மாறி அடவு மாறும்போதெல்லாம் மொத்த வரிசையும் அவள் காலைத்தான் பார்த்ததாம்.

"அத்தனை அடவையும் மறக்காத புள்ளைக்குப் படிப்பு ஏறாதுங்களா? கால் வழியா ஏறட்டுமுங்க" என்றாள் என்னிடம்.

மறுநாள் விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் பெரிய இதயம் வரைந்தாள். நான்கு அறைகள். பிள்ளைகள்தான் ரத்தம். வேப்பமரத்தடி நுரையீரல், அங்கே போனவர்கள் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அறைக்கு அறை கதவாக இரண்டிரண்டு பேர், சாத்தும்போது கைதட்டு. வகுப்பு முழுக்கக் கும்மி அடித்துக்கொண்டு சுற்றியது. மாடியில் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றுவிட்டேன். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

"ஏ, வந்த வழியே திரும்பாதீங்கடி, கதவு சாத்தியாச்சு!"

பாடம் அவளுக்குள் போய்விட்டது. எனக்குச் சிலிர்த்தது. இப்படியும் ஒருத்தி பாடம் நடத்துவாளா என்று அவள் மேல் பொறாமைகூட வந்தது.

டிசி வாங்க அந்தப் பெண்ணின் அம்மா வந்து நின்ற அன்றுதான் கேள்வி நேரம். பிரின்சிபால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

"நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பறது வலது கீழறை. இதுதானே?"

"இல்லீங்க சார். படத்துல இருக்கறவரு நம்மளப் பாத்துட்டு நிக்கறாருங்க. எதுத்த வரிசையில ஆடறவங்க வலது கை, நம்ம இடது பக்கந்தானுங்க வரும்."

முதல் ரேங்க் பிள்ளைகளே வழுக்கி விழும் இடம் அது. பிரின்சிபால் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"சரி, இருக்கட்டும். அரையாண்டுல கணக்குலயும் தேறோணும்."

அம்மா அறிவியல் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண் அழவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"மிஸ், கணக்குக்கும் இப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு ஆடறீங்க கண்ணு? நானும் வாரேன்" என்றேன்.