பவுடர் போடாத தண்ணீர்

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டில் விசேஷம் என்றால் முந்தின நாள் நாலு பேரிடம் சொல்லி வைக்க வேண்டும். பந்தல்காரர், சமையல்காரர், வாட்டர் கேன் கடை, பிறகு மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அண்ணன். அவரிடம் சொல்வது ஒன்றுதான்: "நாளைக்கு பவுடர் போட்டுடாதண்ணா, சோறு நாறும்." அவரும் அன்று பிளீச்சிங் பவுடர் கலக்காமல் விட்டுவிடுவார்.

நான் செங்கல்பட்டில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அலுப்பாக இருந்தாலும் காலையில் வீட்டுக் குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுவேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டால், பவுடரிலிருந்து வரும் குளோரின் இருந்தால் மஞ்சளாகும்.

என் கூடப்பிறந்த அண்ணன் மகளுக்குக் காது குத்து அன்று மஞ்சளாகவில்லை. மறுபடி பார்த்தேன். அப்போதும் இல்லை.

"அம்மா, தொட்டிக்கார அண்ணங்கிட்ட சொன்னியா?"

"சொல்லாம? பிரியாணி நாறுனா உங்க அண்ணி வூட்டாளுங்க காலத்துக்கும் சொல்லிகினு இருப்பாங்க. குடிக்கத்தான் கேன் கீதே."

கேன் இருந்தது. பிரியாணித் தண்ணீர் எப்படியும் கொதிக்கும். எங்கள் விருந்தாளிகளுக்கு ஒன்றும் ஆகாது. தெருவுக்குத்தான் கேன் கிடையாது. எதிர் வீட்டுக் குழந்தை வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தது.

நான் அங்கே போனபோது குழந்தையின் அம்மா, ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொடியை டம்ளரில் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, குழாத் தண்ணியா? காய்ச்சினீங்களா?"

"இன்னாத்துக்கு? இன்னிக்கு தண்ணி நல்லா கீதுமா. வாசமே இல்ல."

"பவுடர் போடலக்கா. அதான் வாசம் இல்ல. எங்க வீட்டு விசேஷத்துக்காக நிறுத்திட்டாங்க."

அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதைச் சாக்கடையில் ஊற்றினாள். "எங்க வூட்டு வளைகாப்புக்கு நாங்களுந்தானே சொன்னோம்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பந்தலிலிருந்து ஒரு கேனைத் தூக்கி வந்து அவள் வீட்டில் இறக்கினேன். பிறகு பட்டுப்புடவையோடு வீடு வீடாகப் போய்க் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். கேஸ் விலையைச் சொன்னார்கள் சிலர். ஒரு அண்ணன் வாசலில் பல் தேய்த்தபடியே, "பிரியாணிக்கு கூப்புட வந்தியா, பேதிக்கு கூப்புட வந்தியா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பந்தியில் கேன் பற்றாமல் போனது. அம்மா அன்று என்னோடு பேசவில்லை.

மறுநாள் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மஞ்சளானது. "நாறுது," என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். எதிர் வீட்டில் குழந்தை பசிக்கு அழுதது, நல்ல சத்தமாக.

பஸ்ஸுக்குக் கிளம்பினேன். தெருக்கோடி வீட்டில் நாளைக்கு விசேஷம் போல, வாசலில் வண்டியிலிருந்து பந்தல் கழிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டு பஸ் வருவது தெரிந்தது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று அந்த வீட்டுப் பக்கம் திரும்பினேன்.