பாதை வரும்

மண்டூர் சுலோஜனாவுக்குப் பாதை என்றால் தெருவல்ல. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போய்வருகிற மிதவை அது. பாதை வரும், பாதை போகும், சில நாளில் இன்ஜின் படுத்துவிடும். அன்றைக்கென்று பார்த்துப் படுத்துவிட்டது. என்ன கிரகமோ!

ஆறு வருடமாக அவள் வந்தாறுமூலை வளாகத்தில் தற்காலிகப் போதனாசிரியை. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்க்க யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் ஒருவர் அவளுடைய வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிற நாள் அது. மீன்காரர் ஒருவரின் தோணியில் இன்னும் இரண்டு பேரோடு தொற்றி, சேலைக் கரை நனைய அக்கரை சேர்ந்து, பஸ் மாறி மாறி ஓடிவந்தும் இருபது நிமிடம் பிந்திவிட்டது. தோணியில் வந்தேன் என்று சொல்ல வெட்கம்.

"பஸ் பிந்திட்டு சேர்" என்றாள்.

நனோமீட்டர் டிரான்சிஸ்டர் செய்து காட்ட அந்த வளாகத்தில் ஏது வசதி? பாடம் முழுக்க இணையத்தில்தான். எண்களைக் கொடுத்து அழுத்தினால், எங்கோ தூரதேசத்துக் கணினி ஒன்று கணக்குப் பார்த்து மின்னோட்டத்தின் வரைபைத் திரையில் போட்டுவிடும். அதற்கான தமிழ்க் குறிப்பை எழுதியவள் சுலோஜனா. எழுதியதையே வாசித்தாள்.

"கேட் எண்ட வாசலுக்கு வோல்ட் குடுத்தாத்தான் பாதை வரும். பாதை வராட்டி கரன்ட் பூச்சியம். ஒரு இலத்திரனும் அக்கரைக்குப் போகாது."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "பாதை எப்பிடியம்மா வரும்? பாதையில நாங்களெல்லோ போறது?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

அந்த நேரம் பார்த்து, ஓட்டமாவடி மாணவன் பஸ்லான் சும்மா இராமல் வரைபின் அச்சை, மிகச் சிறிய எண்ணையும் எடுத்துக்காட்டுகிற மடக்கை அளவுக்கு மாற்றினான். பூச்சியத்தோடு படுத்துக் கிடந்த கோடு எழும்பிவிட்டது.

"மிஸ், கேட்டுல வோல்ட் இல்ல, பாதையும் இல்ல. ஆனா கொஞ்சம் கரன்ட் போகுதே?"

குறிப்பில் இருப்பதோ பூச்சியம். கருவியில் கோளாறு என்று சொல்லித் தப்பலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பிள்ளைகளுக்குப் பிழையைப் படிப்பிக்க மனம் வரவில்லை.

"நான் எழுதினது பிழை. பூச்சியமில்ல. பாதை இல்லாட்டியும் தோணியில ரெண்டு மூண்டு பேர் கடக்கத்தானே செய்வாங்க? இண்டைக்கு நானே அப்படித்தானே வந்தன்!"

தவளை தன் வாயால் கெட்டது.

"பஸ் பிந்தினதெண்டெல்லோ சொன்னீர்?" என்றார் பேராசிரியர்.

சுலோஜனாவின் முகம் சுண்டிப்போனது. ஆறு வருடமும் அந்த வாவியிலேயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"அதும் பிழை சேர்."



"தோணியில எத்தினை பேர்?"

"மூண்டு பேர் சேர்."

"அப்ப பூச்சியமில்லைத்தான்" என்றார் அவர், நிமிர்ந்து பாராமலே. தாளில் ஏதோ எழுதினார்.

மூன்றாம் வாரம் நியமனக் கடிதம் வந்தது. நிரந்தரம். பேராசிரியர் அன்று வாங்கிப்போன குறிப்பும் கூடவே திரும்பி வந்திருந்தது. அதில் 'பூச்சியம்' என்பதை வெட்டி 'மிகச் சிறிது' என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார். பாதை வரும் என்ற வரியில் அவர் கைவைக்கவில்லை.