அண்ணனுக்கு ஏற்ற மென்பொருள்

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால். தங்கை அலுவலக மேசையில் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அலமாரிப் படம் போடும் மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சோதனைக் காலம் முடியப் போகிறது, இன்னும் ஒரு வாரம் நீட்டித் தருவீர்களா என்று கேட்க வேண்டும். அதற்குள் கைப்பேசியில் அண்ணி கூப்பிட்டாள்.

"கிளம்பி வா. உங்கண்ணனைத் தண்ணி குடிக்க எழுப்பினேன். எந்திரிக்கல."

தங்கைக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மறு காதில் அந்த இசை ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பக்கத்து மேசைக்காரிதான் எழுந்து வந்து தொலைபேசியை வாங்கி வைத்தாள்.

அண்ணன் சமையலறை அலமாரிகள் செய்கிறவர். தெருவில் அவருக்குப் பேர் 'குச்சி'. ஆள் ஒல்லி என்று நினைத்துவிடக் கூடாது. தொப்பை அவருக்கு முன்னால் அரை அடி நடக்கும். படம் போடாமல் வேலை செய்வதால் வந்த பேர் அது. ஒரு வீட்டுக்குப் போனால் நீளமான மரச்சட்டம் ஒன்றைச் சுவரோடு நிறுத்தி, மேடை இங்கே, குழாய் இங்கே, சன்னல் இங்கே என்று அதில் பென்சிலால் கோடு கிழித்து எடுத்துவருவார். பட்டறையில் அந்தக் குச்சியைப் பலகைமேல் வைத்து அறுப்பதுதான். ஒரு சமையலறைக்கு ஒரு குச்சி. காகிதத்தில் ஒரு கோடு போட்டதில்லை.

முதலில் திருப்புளி கைதவறி விழுந்தது. வெயில், வேர்வை என்றார். பிறகு சட்டைப் பொத்தான் சண்டை போட்டது. பெரிய டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துகொண்டு வரும், தடுக்க மருந்து கிடையாது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அண்ணி டாக்டர் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன்தான் பேசினார்.

"கைதானே போகுது. தலை எங்கயும் போகலையே."

"தலை என்னைக்கு இருந்துச்சு, இப்ப போறதுக்கு?" என்று அண்ணி சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அழுதாள்.

தலை இருந்தால் போதும் என்று அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே புதிதாகப் பலகை வெட்டும் ஆலை ஒன்று வந்திருந்தது. கணினியில் போட்ட படத்தைக் கொடுத்தால் இயந்திரமே மயிரிழை பிசகாமல் வெட்டித் தரும். அண்ணனிடம் இருந்த இரண்டு தொழிலாளிகளும் பூட்டுகிற வேலையில் கெட்டிக்காரர்கள். அளவெடுத்து அறுக்கத்தான் வராது. படம் மட்டும் இவர் போட்டுவிட்டால் பட்டறை நடக்கும். ஆலைக்காரர் கறாராகச் சொன்னார்: "உங்க குச்சியை என் மெஷின் படிக்காது மேஸ்திரி. ஒரே ஒரு சமையலறைக்கு முழுப் படம் அனுப்புங்க. அது பாஸானா மேல வர்ற வேலையெல்லாம் உங்களுக்குத்தான்." பட்டறைக் கதவு திறந்திருப்பதும் மூடுவதும் அந்த ஒரு படத்தில் வந்து நின்றது.

எந்த வீட்டுச் சமையலறையைப் போடுவது என்பதில் குழப்பமே இல்லை. "ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் அலமாரி. எனக்கு மட்டும் பாத்திரம் தரையில," என்று கல்யாணமான நாளாக அண்ணி சொல்லிவந்தது அன்றைக்குத்தான் வேலைக்கு ஆனது.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தங்கை தலையில் விழுந்தது. அவள் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் ரசீது அடிக்கிறவள். ஆனால் ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கணினி முன்னால் உட்காருகிறவள் அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுண்ணா."

"எனக்கு மட்டும் என்ன தெரியும் எஞ்சினியரம்மா? விலை கம்மியா, கத்துக்குட்டிக்கு ஏத்ததா ஒண்ணு பாரு."

பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் மென்பொருளை முதலில் பார்த்தாள். வருடா வருடம் சந்தா. தொகையைக் கேட்ட அண்ணன், "அதுக்கு ஒரு ரம்ப மெஷினே வாங்கிடலாமே, அது அடுத்த வருஷமும் அறுக்குமே," என்றார். மாணவர்களுக்கு அதையே இலவசமாகத் தருகிறார்கள் என்று படித்தாள். "ஸ்கூல்ல சேர்த்துவிடேன், டவுசர் இன்னும் பத்தும்," என்றார் அவர்.

அடுத்தது முழுக்க இலவசம். அண்ணன் திரையில் முதல் பெட்டியை வரைந்துவிட்டு, பட்டறையிலிருந்து குச்சியைக் கொண்டுவரச் சொன்னார். திரைமேல் வைத்துப் பார்த்தார். "என்னடி இது, தீப்பெட்டி சைஸுக்குப் போட்டிருக்கு? இதுல எங்க குக்கரை வைப்பா?" திரையில் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே முழு அளவுதான் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மாலை போனது. அதில் படத்தைத் திருப்பிப் பார்க்கச் சுட்டியின் நடுச்சக்கரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவருக்கு அது பிடிபட்ட வாரத்தில் நடுவிரல் அழுத்த மறுத்தது.

மூன்றாவது இணையத்திலேயே ஓடுவது. இலவசம்தான், ஆனால் போடுகிற படத்தை உலகமே பார்க்கும். "பார்த்துட்டுப் போகட்டும். என் பொண்டாட்டி எங்க பருப்பு வைக்கிறான்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறானுங்க?" என்றார். அதற்குச் சுட்டியை இழுத்துக்கொண்டே போக வேண்டும். பாதி வழியில் கை நின்றுவிடும். கோடு பாதி அறையில் தொங்கும்.

தங்கை ராத்திரி பகலாக ஒப்பிட்டாள். எது விலை குறைவு, எது எளிது என்று வல்லுநர்கள் எழுதியதையெல்லாம் படித்தாள். ஒரு விரல் மட்டும் மிச்சமிருக்கிற கத்துக்குட்டிக்கு எது நல்லது என்று யாரும் எழுதவில்லை. அவள் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் கை அதைத் தாண்டிப் போய்விடும். பஸ் பின்னால் ஓடுகிறவளைப் போல அவள் ஓடினாள். பஸ் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை.

கடைசியில் வந்தது சரியானது. அலமாரிக்காரர்களுக்கென்றே செய்தது. அகலம், உயரம், ஆழம் என்று எண்ணைத் தட்டினால் பெட்டி தானே எழுந்து நிற்கும். ஒரே தடவை காசு கட்டினால் போதும். அதற்கு முன் ஒரு மாதம் சும்மா பார்க்கலாம். அண்ணன் ஆள்காட்டி விரலால் தட்டினார். பெட்டி எழுந்தது.

"அட, சொன்ன பேச்சைக் கேக்குதே! இந்த வீட்டுல இதுதான் முதல்ல."

"கேக்கும் கேக்கும். நாளைக்கு அதுக்கும் உங்களைத் தெரிஞ்சிடும்," என்றாள் அண்ணி அடுப்படியிலிருந்து.

விரலும் ஓய்ந்த பிறகு அவர் சொல்லச் சொல்லத் தங்கை தட்டினாள். கத்துக்குட்டி இப்போது அவள்தான். "பெட்டிக்குப் பெட்டி ரெண்டு மில்லி விடு. மழைக்குப் பலகை ஊதும், மூச்சு விட இடம் வேணும்." அவள் விட்டாள். குச்சியில் கோடு கிழித்த காலமெல்லாம் அவர் அப்படித்தான் விட்டார். பூட்டும்போது கையே அதைச் சரிக்கட்டிவிடும். படத்தை அனுப்பினார்கள். மறுநாளே திரும்பி வந்தது. பெட்டிகள் ஒன்றோடொன்று சேரவில்லை, இடைவெளியெல்லாம் கூடி மேல்பலகை சுவரைத் தாண்டி நிற்கிறது என்றார் ஆலைக்காரர். "இடைவெளியெல்லாம் மாட்டும்போது பார்த்துக்கலாம் மேஸ்திரி. படத்துல ஒட்டிப் போடுங்க."

எல்லாப் பெட்டியையும் அழித்து முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. ஒரு வாரம் அதில் போனது. அந்த வாரத்தில் அவர் குரல் இறங்கியது. எண்களைக் கேட்கத் தங்கை அவர் வாயருகே காதை வைத்தாள்.

"நாப்பதா, நானூறாண்ணா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். அது எதற்கு ஆமாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

கடைசி மாலை மூலை அலமாரிக்கு வந்தார்கள். அதன் கதவு இடப்பக்கம் திறப்பதா, வலப்பக்கமா என்று மென்பொருள் கேட்டது. முதல் படத்தில் தங்கை யாரையும் கேட்காமல் ஏதோ ஒரு பக்கத்தைத் தட்டிவிட்டிருந்தாள். அவர் வெகுநேரம் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடக்கைக்காரி.

"அவ எந்தப் பக்கம் நின்னு குனியறான்னு பார்க்கணும்," என்றார் மூச்சை இழுத்து இழுத்து. "இத்தனை வருஷம் பார்த்ததில்ல. நாளைக்குச் சொல்றேன்."

அண்ணனுக்குக் காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் ஆலைக்காரர் கூப்பிட்டார். படம் வந்தால் வெட்டிவிடலாம், பட்டறை ஆட்களுக்கு வேலையும் தயாராக இருக்கிறது என்றார். தங்கை பணத்தைக் கட்டி மென்பொருளை வாங்கிவிட்டாள். திறந்து அண்ணியிடம் காட்டினாள்.

"மூலைக் கதவை எந்தப் பக்கம் வைக்கட்டும் அண்ணி?"

"எனக்கென்னடி தெரியும்? அதெல்லாம் அவர்தானே பார்ப்பாரு." அண்ணி பாத்திரத்தைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

மற்ற பதினோரு பெட்டிகளுக்கும் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. மூலை அலமாரியின் கதவுக்கு எதிரே உள்ள கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அது நிரம்பாமல் படத்தை அனுப்ப மென்பொருள் விடுவதில்லை.