டிரைவர் சீட்டில் மட்டும் சுருக்கம் இல்லை

ராயப்பன் பொய் சொன்னார். அவருடைய காரின் தோல் சீட்டுகள் சுருங்கிப்போனதற்கு என் அப்பா காரணம் இல்லை.

வெயிலில் கொதித்த பிளாஸ்டிக்கும் அதற்கடியில் புழுங்கிய தோலும் சேர்ந்து அப்பாவின் சட்டையில் அடித்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எழுபதுகளின் கடைசி. ராயப்பன் சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருந்தார், எங்கள் கத்தோலிக்கக் கோவில் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். என் அப்பா ஆரோக்கியம் அவருடைய டிரைவர். புதுக் கார் வந்தபோது, சீட்டுகளின் மேல் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றக் கூடாது என்று ராயப்பன் உத்தரவு போட்டார். பார்க்கிறவர்களுக்குப் புதுக் கார் என்று தெரிய வேண்டுமாம். ஒரு வருடத்துக்கு மேல் அந்த மனிதர் தன் சொந்தக் காரிலேயே வேர்த்து வழிந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் சர்ரென்று ஒரு பக்கமாக வழுக்கி, முதுகோடு சட்டை ஒட்டிக்கொள்ள இறங்கினார். அதைப் பெருமை என்று நினைத்தார்.

அப்பா தன் சீட்டு உறையை மட்டும் முதல் வாரமே கழற்றிவிட்டார். பிரேக் போட்டால் வழுக்குகிறது என்றார். "டிரைவருக்கு என்னா சொகுசு கேக்குது?" என்று அதற்கும் திட்டு விழுந்தது.

மகள் கல்யாணத்துக்காக ராயப்பன் மற்ற உறைகளைக் கிழித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காற்றுப் போகாமல், சூடும் ஈரமும் உள்ளேயே நின்று, தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய விரல் நுனி மாதிரி தோல் தளர்ந்து சுருங்கிக் கிடந்தது. "சரி பண்ணு" என்றார். ஆங் மோ கியோவில் எங்கள் மூவறை வீட்டிலிருந்த ஒரே "அயர்ன் பெட்டி"யை அப்பா பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனார். ஈரத் துண்டை விரித்து, அதன்மேல் இளஞ்சூட்டில் இரண்டு நாள் தேய்த்தார். மதியம் படிந்த தோல் மறுநாள் காலையில் மறுபடியும் சுருங்கிக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோவில் வாசலில் நின்றபோது, ராயப்பன் காரின் பின்கதவுகளைத் திறந்து காட்டினார்.

"பாருங்க, என் காரை இவன் வீட்டு சோபான்னு நெனச்சிட்டான். பொண்டாட்டி பிள்ளைய ஏத்திக்கிட்டு ஊர் சுத்தியிருக்கான்."

"ஆங் மோ கியோ டாக்சி லா!" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

"நாங்க பஸ்ஸுலதான் வருவோம் மொதலாளி. சாமி சத்தியமா" என்றார் அம்மா. அம்மாவின் கையில் அன்றைய பஸ் டிக்கெட் கசங்கிக் கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அப்பா முன்கதவைத் திறந்தார். "மொதலாளி, இந்த சீட்டை ஒரு தடவ தொட்டுப் பாருங்க. நாள் பூரா நான் இதுலதான் உக்கார்றேன். இதுல சுருக்கம் இருக்கா? ஆரம்பத்துலேருந்தே பிளாஸ்டிக் இல்லாம இருந்த சீட்டு இது ஒண்ணுதான்."

ராயப்பன் தொடவில்லை. கதவை அறைந்து சாத்தினார். "வாய் வேற. நாளைக்கு வேலைக்கு வராதே."

அப்பாவுக்குச் செம்பவாங்கில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. வேலை போனதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கோவிலுக்குள் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் என் பெயர் "லெதர் சீட்டு". நான் முதன்முதலாகப் பூசையில் அப்பம் பெற்று, புதுநன்மை வாங்கிய அன்று அப்பா கோவிலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே முதல் வரிசையில் ராயப்பன் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கார் எப்போதோ நசுக்கப்பட்டு இரும்பாகிவிட்டது. துணிக்கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். அப்பாவும் இல்லை. பொய் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. கோவிலின் ஆண்டுமலரில் ராயப்பன் தன் முதல் காரைப் பற்றி எழுதியிருக்கிறார். குடும்பத்தோடு ஊர் சுற்றிச் சீட்டைக் கெடுத்த டிரைவர் அதில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு.

எண்பது வயது தாண்டியவர், விட்டுவிடு என்கிறார்கள். எழுத முடிகிறவருக்குப் பதில் சொல்லவும் முடியும். ராயப்பன் அவர்களே, என் அப்பா நாள் முழுவதும் உட்கார்ந்த சீட்டில் ஏன் சுருக்கம் இல்லை? அடுத்த மலரில் எழுதினால் போதாது. அன்றைக்குக் கோவில் வாசலில் எல்லார் முன்னாலும் கதவைத் திறந்தீர்கள். அதே வாசலில், பூசை முடிந்து எல்லாரும் நிற்கும்போது, வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.