வர்த்தமானியில் வராத திருத்தம்

பிரதம எழுதுவினைஞர் எனக்கு வந்த கடிதத்தை வாங்கியதும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் புரட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு முன்பக்கத்தை விரலால் வரி வரியாகத் தொட்டு இரண்டு முறை வாசித்தார். கல்முனையில், கல்வி அலுவலகத்தின் மேல்மாடி அது. பணிப்பாளரின் அறை அடுத்த கதவு.

கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் மூன்று வருடம் கற்பித்தவர் இடமாற்றம் கேட்கலாம் என்பது ஒழுங்குவிதி. இறக்காமத்துக்கு அப்பால் ஒரு பாடசாலையில் நான் மூன்று வருடத்தை முடித்து, இடமாற்றம் கேட்டிருந்தேன். ஏழு மாத மகனைக் கூடப்பிறந்த ராத்தாவிடம் விட்டுவிட்டு, சம்மாந்துறையில் பஸ் மாறிப் போவேன். வீதியில் யானை நின்றுவிட்டால் வீடு வந்துசேர மஃரிப் தொழுகை நேரமாகிவிடும். அந்த நேரத்தில்தான் அலுவலகத்திலிருந்து இந்தக் கடிதம் வந்தது: விதி திருத்தப்பட்டுவிட்டதாம், இனி ஐந்து வருடமாம்.

"இது செல்லாது புள்ள," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "ஒழுங்குவிதிய மாத்துறெண்டா அரசாங்க வர்த்தமானியில வரணும். இது வெறும் கடுதாசி. பதினாலு நாளைக்குள்ள மேன்முறையீடு போடுங்க. எழுதி என்னட்டக் கொண்டாங்க, பாத்துத் தாறன்."

குரலைத் தாழ்த்தியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கடிதத்தை மறுபடி விரித்தபோது, கீழே இடது மூலையில் அதைத் தயாரித்தவரின் முதலெழுத்துகள் இருந்தன. அவருடைய எழுத்துகளேதான். கடிதத்தைத் தட்டச்சில் அடித்தவரே அது செல்லாது என்று சொல்வாரா? எதிர்ப்பவர்களின் பெயரைப் பணிப்பாளருக்குக் கொடுக்கத்தான் எழுதி வாங்குகிறார் என்று ஆசிரியர் ஓய்வறையில் கதைத்தார்கள். எதிர்த்தால் இன்னும் தூரத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். அவர் ஏன் என்மீது இரக்கப்பட வேண்டும் என்று நானும் யோசித்து யோசித்து, எழுதிய மேன்முறையீட்டைக் குர்ஆன் வைக்கும் அலுமாரித் தட்டிலேயே வைத்துவிட்டேன். பதினான்கு நாளும் கழிந்தன.

என்னோடு ஒரே பஸ்ஸில் வரும் விஞ்ஞான டீச்சருக்கும் அதே கடிதம் வந்திருந்தது. கல்முனை மெதடிஸ்த கோயிலுக்குப் பக்கத்து வீடு அவருக்கு. அவர் தன்னுடைய மேன்முறையீட்டை எழுதுவினைஞரிடம் கொடுத்துவிட்டார். எப்படி அந்த மனிதரை நம்பினீர்கள் என்று கேட்டேன்.

"அவர நான் நம்பயில்ல. வர்த்தமானியெல்லாம் நானே தேடிப் பாத்தன். அப்பிடியொரு திருத்தமே வரயில்ல," என்றார்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. வர்த்தமானியில் வெளிவராத திருத்தத்தைக் காட்டி இடமாற்றத்தை மறுக்க முடியாது என்று மேன்முறையீட்டுக் குழு எழுதியிருந்தது. விஞ்ஞான டீச்சர் கல்முனைக்கே வந்துவிட்டார். காலத்துக்குள் மேன்முறையீடு செய்யாதவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது என்று எனக்கு ஒற்றை வரியில் பதில் கிடைத்தது. இன்னும் இரண்டு வருடம் போய்வந்தேன். மகன் முதன்முதலில் உம்மா என்று கூப்பிட்டது ராத்தாவைத்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அது காதில் விழுந்தது.

இப்போது எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் கைபேசியில் வர்த்தமானியைத் தேடிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைக்கிறேன். எனக்குச் சந்தேகப் பேய் பிடித்திருக்கிறது என்று எங்கள் அதிபர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பிரதம எழுதுவினைஞரை அதன்பின் ஒரே ஒரு முறை கல்முனை பஸ் நிலையத்தில் கண்டேன். மெலிந்திருந்தார். அந்த முதலெழுத்துகளைப் பற்றி நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"ஓம், அடிச்சது நான்தான். அடிக்கச் சொன்னாங்க, அடிச்சன். இது செல்லாதெண்டு அலுவலகக் கோவையில குறிப்பு எழுதினதும் நான்தான். என்னச் சந்தேகப்பட்டது பிழையில்ல புள்ள. அந்தக் கடுதாசியையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்."

ஆறுதலா, கண்டிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். வீடு இங்கேதான், வேலை இப்போது தூரத்தில், பொத்துவில் பக்கம் என்றார். அந்தக் குறிப்பை எழுதிய அடுத்த மாதமே 'அலுவலகத் தேவை' என்று மாற்றிவிட்டார்களாம். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கோமாரி வழியாகப் பொத்துவில் போகும் பஸ் வந்துவிட்டது. ஒரு கையால் சாரதிக்குச் சைகை காட்டியபடி ஓடிப்போய் ஏறினார். ஓய்வுபெற அவருக்கு இன்னும் நாலு மாதம்தான் இருந்தது.