யாரும் பார்க்க வராத காலை

என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வாழைக்காய் உப்பேரி தின்று, சாயா குடித்து, "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பியவர்கள்தான். ஒருவர்கூடச் சொல்லி அனுப்பவில்லை. கொல்லயில் என்ற எங்கள் ஊரில், வீட்டு வாசலில் ஒரு கார் நின்றால் போதும், மறுநாள் ரேஷன் கடையில் அரிசி அளப்பவர்கூட "என்ன ஆச்சு?" என்று கேட்பார். அவளோ ஒவ்வொரு முறையும் புடவை கட்டி, பூ வைத்து, தட்டை ஏந்தி, குனிந்த தலையோடு வந்து நின்று சலித்துப்போயிருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மாமன், அம்மையின் தம்பி, ஒரு வழி சொன்னார். எங்கள் பக்கத்தில் பலரும் செய்ததுதான். கோயிலிலோ பூங்காவிலோ வைத்து, தற்செயலாகச் சந்திப்பதுபோலப் பார்த்துக்கொள்வது. பிடிக்காமல் போனாலும் ஊருக்குத் தெரியாது. மாமன் அதற்கும் ஒரு படி மேலே போனார்.

"அவளுக்கும் தெரியண்டாம். தெரிஞ்சா முகம் செத்துப்போவும். நீ சும்மா செடி பாக்கக் கூட்டிட்டுப் போற மாதிரிப் போ. பொருத்தம் எல்லாம் பாத்தாச்சு. பையனும் அவனுக்க அம்மையும் அங்க வருவாவ."

பையன் அதியன்னூர்க்காரன், அரசாங்க வேலை. நான் அப்போது பனச்சமூட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அக்கா கூப்பிட்டால் தங்கை சந்தேகப்பட மாட்டாள், அதுதான் இந்த வேலைக்கு என் தகுதி. சரி என்றேன். இன்னொரு முறை அவள் தட்டோடு நிற்பதைப் பார்க்க வேண்டாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"செடி பாக்க எதுக்காக்கும் சாரி?" என்றாள் காலையில்.

"உனக்கு அந்த நீலம் நல்லா இருக்கும்லா, மக்கா."

பொய் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி, நெடுமங்காட்டில் இன்னொரு பஸ் பிடித்து, மலையடிவாரத்துத் தாவரத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மழை விட்டிருந்த காலை. உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஈரப்புல்லில் நடந்தாள். மரங்களில் மாட்டியிருந்த தகரப் பலகைகளில் வாயில் நுழையாத பெயர்களைச் சத்தமாக வாசித்து, "இந்தப் பெயரச் சொல்லிக் கூப்பிட்டா மரம் திரும்பிப் பாக்குமா?" என்று கேட்டாள். குளத்தில் தாம்பாளம் தாம்பாளமாக இலைகள் மிதந்தன. அதன்மேல் உட்கார முடியுமா என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் குனிந்து பார்த்தாள். நான் பின்னாலேயே போய்ப் புடவையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். கண் வாசல் பக்கமே இருந்தது.

மூங்கில் கூட்டத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து ஏத்தன்பழ அப்பத்தைப் பிரித்தோம். எதிரே கள்ளிச்செடிகள் வைத்திருந்த கண்ணாடி வீட்டைச் சுற்றி ஒரு இளைஞர் குடையோடு வந்துகொண்டிருந்தார், மூன்றாவது சுற்று.

"அக்கா, அங்க பாரு. அந்த ஆளு கள்ளிச்செடியப் பெண்ணு பாக்க வந்திருக்காரு போல."

நான் கையிலிருந்த அப்பத்தைத் திரும்பப் பொதியிலேயே வைத்தேன். அவளோ காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, "எவ்வளவு நல்லா இருக்கு இல்லியா? இன்னைக்கு என்னைப் பாக்க ஆரும் வரல்ல" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். எழுந்து போய் அவர்களிடம் இன்றைக்கு வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் பிளாஸ்க்கிலிருந்து சாயா ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா மூச்சு வாங்க வந்து, "இங்க இரிக்கலாமா மோளே?" என்றார். தங்கை நகர்ந்து இடம் கொடுத்தாள், அப்பம் கொடுத்தாள். தாமரைக்கும் ஆம்பலுக்கும் என்ன வித்தியாசம், தகரப் பலகையில் பெயர் வைத்தவனுக்கு என்ன கேடு, எங்கள் வீட்டுப் பசு எப்படிக் கயிற்றை அவிழ்க்கும் என்று எல்லாம் பேசினாள். நடித்தும் காட்டினாள். அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு ஒழுங்காக நடித்தோம்.

சிரிப்புக்கு நடுவில் அவர் தங்கையின் கன்னத்தைத் தொட்டு, "மோளு திருவாதிரை அல்லே, அதாக்கும் இந்தப் பேச்சு" என்று சொல்லிவிட்டார்.

தங்கை தன் நட்சத்திரத்தை அவரிடம் சொல்லவே இல்லை.

அவள் முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வீட்டுப் பக்கம் பார்த்தாள். குடைக்காரர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. செருப்பைப் போட்டாள், செருகியிருந்த புடவையை இறக்கி விட்டாள், முந்தானையைத் தோளைச் சுற்றி எடுத்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் "ஆமா", "இல்ல" என்று மட்டும் பதில் வந்தது. நான் அவளைப் பிடித்துக்கொடுத்தவள் என்று அப்போது உறைத்தது. எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் சம்மதம் என்று ஆள் வந்தது. அந்தச் சிரிப்புதான் அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். அம்மை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமன் எல்லாம் தன் மூளை என்றார். தங்கையும் சம்மதம் என்றாள். "நல்ல ஆளாத்தான் தெரியுது" என்றாள், மனதாரத்தான் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அன்று மாலை கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா, போன வருஷம் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனியே, அங்கயும் ஆள் உண்டா?"

"இல்ல மக்கா."

"சினிமாவுக்குப் போனப்போ?"

"அய்யோ, இல்ல."

"உனக்க மோனுக்குக் கோயில்ல மொதச் சோறு குடுத்தன்னைக்கு, என்னைய முன்னால நிக்கச் சொன்னியே?"

"சத்தியமா இல்ல. நீ அவனுக்குச் சித்தியில்லியா, அதுக்காக்கும்."

நான் சொன்னது அத்தனையும் உண்மை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். நம்பவில்லை.