அலுமாரிக்கு மேல் ஒரு தகரக் கோப்பை

பிள்ளைகளே, தம்பி கையை நீட்டுமுன்னே ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கிறீர்கள். அன்புதான், தெரியும். நானும் அப்படி ஓடியவன்தான். அந்தக் கதையைக் கேளுங்கள்.

எங்கள் ஊர்க் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸைவிட மாட்டு வண்டிகள் அதிகம் போன காலம். எனக்கு எட்டு வயது, தங்கச்சிக்கு நாலு. அவள் ஒரு சொல்லும் பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கும். பஸ் சத்தத்துக்கு எல்லோருக்கும் முந்தி வாசலுக்கு ஓடுவாள். அம்மா அவள் நாக்கில் வசம்பு தேய்த்தார், மாதா கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினார். அவள் வசம்பைத் துப்பியதோடு சரி. பக்கத்து வீட்டார் ஊமை என்றே முடிவுகட்டிவிட்டார்கள்.

எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. அவள் புருவத்தைத் தூக்கினால் தண்ணீர், காலை உதைத்தால் தின்னப் பாண் துண்டு. "தங்கச்சிக்குச் சீனி வேணுமாம்" என்று நான் சொன்னால் அம்மா கொடுப்பார். அந்த உத்தியோகத்தில் எனக்குப் பெருமை. சில சமயம் அவள் கேட்காத சீனியும் என் வாய்க்கு வந்தது.

கண்டியில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னம்மா விடுமுறைக்கு வந்தார். ஒருநாள் முழுக்கக் கவனித்துவிட்டு என்னைப் பிடித்தார்.

"ஏன்டா, அவளுக்குப் பசிச்சா நீயா சாப்புடுற? அவ பேச்ச மட்டும் நீ ஏன் பேசுற?"

"அவளுக்குப் பேச வராது சின்னம்மா."

"நீ எங்கடா பேச வுட்ட?"

தங்கச்சி தண்ணீர் குடிக்கிற தகரக் கோப்பை அலுமாரிக்கு மேல் ஏறியது. கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. வாயிலிருந்து ஏதாவது ஒரு சத்தம் வந்தால்தான் இறக்க வேண்டும் என்று கட்டளை. சின்னம்மா அவள் முன்னால் குந்தி, "கோப்ப வேணுமா? கோப்ப?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். தங்கச்சி கண் கலங்குவாள். சின்னம்மா அந்தப் பக்கம் போனதும் நான் கதிரையில் ஏறி இறக்கிக் கொடுத்துவிடுவேன்.

மூன்றாம் நாள் பிடிபட்டேன். அடி விழவில்லை, பகல் முழுவதும் அப்பாவின் கடையில் இருக்கும்படி அனுப்பிவிட்டார்கள். சின்னம்மாவுக்கு இரக்கமே இல்லை என்று வெங்காய மூட்டையில் சாய்ந்து அழுதேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கச்சி அலுமாரிக்கு முன்னால் நின்றாள். கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கால் கதிரைப் பக்கம் போனது. சின்னம்மா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தங்கச்சி கழுத்து நரம்பு புடைக்க, "ண்ணா" என்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். கோப்பையை இறக்கிக் கொடுத்த சின்னம்மா அழுதுகொண்டிருந்தார். ஜெயித்தவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை அறையில் ஒருவரும் இல்லை. கழுவிய கோப்பை, தங்கச்சிக்கு எட்டுகிற மாதிரி மேசை ஓரத்தில் இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அதை அலுமாரிக்கு மேல் நானே வைத்தேன். அவளுக்கு நல்லது என்று விளங்கி அல்ல. இன்னொரு தரம் அவள் என்னைக் கூப்பிட வேண்டும் என்றுதான்.